கணவர் அடிப்பதில்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது

கேள்வி: திருமணமாகி மூன்று வருடம். கணவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் என் சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம், போன் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்தாக வேண்டும், ஆபீஸில் கொஞ்சம் தாமதமானால் வீடியோ காலில் இடத்தைக் காட்ட வேண்டும். "பாசம் அதிகம்டி, அனுசரிச்சுப் போ" என்கிறார் அம்மா. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை.

கார்டு கணவரிடம் இருக்கும் வீடுகள் நிறைய, அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்கள் "முடியாது" என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கிறது, அதைப் பாருங்கள். கத்திவிட்டு மறுநாள் இருவரும் உட்கார்ந்து பேச முடிந்தால் அது சண்டை. நாட்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது, உங்கள் அப்பாவுக்குப் போன் போட்டு உங்களைப் பற்றித் தப்பாகச் சொல்வது, "நான் செத்துப்போவேன்" என்று மிரட்டுவது என ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு தண்டனை வருகிறது, அதற்குப் பயந்து நீங்களாகவே தோழிகளை விட்டுவிட்டு, அம்மா வீட்டுக்குப் போவதையும் குறைத்து, எதைப் பேசும் முன்னும் அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அது வன்முறைதான். நடுவில் அழுது மன்னிப்புக் கேட்பார், பூ வாங்கி வருவார், உடனே உங்களுக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். பலரும் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. மனரீதியான கொடுமையும் பொருளாதாரக் கொடுமையும் அதில் உண்டு. விவாகரத்து கேட்காமலேயே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணையும், அந்த வீட்டிலேயே வசிப்பதற்கான ஆணையும் கேட்கலாம். மனு தயாரிக்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார்.

ஆனால் இதையெல்லாம் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அதுவரை அடிக்காதவர்கூட அடிக்கலாம். உங்கள் போனை அவர் பார்ப்பதால் ஆபீஸ் தோழியின் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். ஆதார், சான்றிதழ் நகல்களையும் நகை ரசீதுகளையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அப்புறம் ஒன்று, சம்பளக் கணக்கை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே அவருக்குத் தெரிந்துவிடும், அதற்குள் தங்க ஓர் இடமும் துணைக்கு ஓர் ஆளும் உங்களுக்கு இருக்க வேண்டும். நிலைமை கைமீறினால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112-க்குக் கூப்பிடுங்கள்.