பகல் தூக்கமும் கடை மாத்திரையும்

தொடர்ந்து இரவு விமானங்கள் ஓட்டுகிறேன், காலையில் வந்து படுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, மருந்துக் கடையில் கிடைக்கும் தூக்க மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் டைஃபென்ஹைட்ரமின் என்ற, தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து இருக்கும், அதைச் சாப்பிட்டால் 60 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம். விமானிகளுக்கான மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

பகலில் விழிப்பு வருவது உங்கள் பலவீனம் இல்லை. எவ்வளவு களைத்திருந்தாலும் உடல் கடிகாரம் முற்பகலில் எழுப்பத்தான் பார்க்கும், அதிகாலை 2 முதல் 6 வரை தூங்கத் தள்ளும், பாவம், நீங்கள் தரையிறக்குவதோ அந்த நேரத்தில்தான். அதனால் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் என்று போராடாமல் பிரித்துத் தூங்குங்கள்: காலையில் வந்ததும் வருகிற அளவு, அப்புறம் மாலையில் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம். அறை நல்ல இருட்டாக இருக்கட்டும். காபியைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

நிறுவன விதி அனுமதித்தால், சக விமானியிடம் சொல்லிவிட்டு இருக்கையிலேயே குட்டித் தூக்கம் போடலாம். நாசா ஆய்வில் 40 நிமிட ஓய்வில் சராசரியாக 26 நிமிடம் தூங்கிய விமானிகள், தூங்காதவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். விழித்தவுடன் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், ஆகவே இறங்கத் தொடங்குவதற்கு நன்றாக முன்பே எழுந்துவிடுங்கள்.

அப்படியும் கண் சொருகினால், களைப்பு அறிக்கையை ரோஸ்டரோடு (பணி நேர அட்டவணை) சேர்த்து எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.