48 இலக்கச் சாவி

அன்புள்ள ஐயா,

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டில் வக்கீல். போன மாதம் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் பாருங்க சார், இருக்கும்" என்றார். இருந்தது. போன உயிர் வந்தது. ஆனால் என் ஜூனியர், "நம்ம கேட்டா கிடைக்கிறது போலீஸ் கேட்டாலும் கிடைக்குமே சார்" என்றார். அதிலிருந்து மனம் சரியில்லை. இவ்வளவு பெரிய கம்பெனிகளை நம்பலாமா, கூடாதா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எஸ்.ஆர்., அல்சூர்

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் ஜூனியர் சொன்னது சரி. அவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும்போது சாவியை டிபிஎம் என்கிற சிப்பின் காவலில் விடுகிறது. அந்தச் சிப் போர்டோடு இருப்பது. போர்டு மாறியதும் காவல்காரர் மாறிவிட்டார், புதியவருக்கு உங்களைத் தெரியாது. அதனால் மாற்றுச் சாவி கேட்டது. 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதலே, தகுந்த கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தாலே டிஸ்க் பூட்டப்பட்டு மாற்றுச் சாவி அக்கவுன்டுக்குப் போய்விடும். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து இது இன்னும் நிறைய புதுக் கணினிகளுக்குப் பரவியது.

இது கெட்ட ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். சில வருஷங்களுக்கு முன் எனக்கும் இதே நீலத் திரை வந்தது. சாவி அக்கவுன்டில் இருந்தது, ஆனால் அக்கவுன்டோ நான் எப்போதோ விட்டுவிட்ட ஒரு மும்பை நம்பரில் இருந்தது. பாதி எழுதிய நாவல் ஒன்று அந்த டிஸ்க்கிலேயே சமாதி. (நல்ல நாவல் இல்லை. இருந்தாலும்.) மனிதர்கள் மறப்பார்கள், தொலைப்பார்கள். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும்போது லேப்டாப்பை அடிக்கிற திருடனுக்கு டிஸ்க் திறக்காது. அந்தப் பாதுகாப்புக்கு, சாவி ஒரு கம்பெனியிடம் இருப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வீட்டில் பெரியவர்களின் கணினி என்றால் இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்டது திருடனைப் பற்றி இல்லை. நம்பலாமா என்று கேட்டீர்கள். இதில் நம்பிக்கைக்கே பெரிய வேலை இல்லை என்பது என் எண்ணம். சாவி கையில் இருந்தால் வாரன்ட் வரும்போது கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் குவாம் தீவில் கொரோனா கால வேலையின்மை உதவித்தொகை மோசடி வழக்கு ஒன்றில், அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வாரன்டோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் மூன்று லேப்டாப்களின் சாவிகளைக் கொடுத்தது. 2026 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை இதை எழுதியபோது, ஆண்டுக்குச் சுமார் 20 கோரிக்கைகள் வருகின்றன, பலவற்றில் பயனர் சாவியைத் தங்களிடம் வைக்காததால் உதவ முடிவதில்லை என்று கம்பெனியே சொன்னது. அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆப்பிள் கதையும் அதுதான். 2016இல் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டு வழக்கில், சுட்டவனின் ஐபோனைத் திறந்து தரமாட்டேன் என்று எஃப்பிஐயோடு மல்லுக்கு நின்றது, உலகமே கைதட்டியது. அதே ஆளின் ஐக்ளவுட் பேக்கப்பை முன்பே கொடுத்திருந்தது. போனைத் திறக்கும் வழி அதன் கையில் இல்லை, புதிதாகச் செய்தால்தான் உண்டு. பேக்கப் கையில் இருந்தது. இதில் குணநலம் எங்கே வருகிறது?

நம் ஊர்ச் சட்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய தகவலைத் திறந்து தரச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. அதற்கான 2009 விதிகளில், பூட்டைத் திறக்கும் சாவியை வைத்திருப்பவர் என்று தனியாகவே ஒருவர் வருகிறார். அவர் நீங்களாக இருக்க வேண்டும், எனக்குத் தோன்றுவது அது ஒன்றுதான். 2021இல் உங்கள் கர்நாடக உயர் நீதிமன்றம், பாஸ்வேர்டைச் சொல்வது தனக்கு எதிராகவே சாட்சி சொல்வது ஆகாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் அங்கே ஒரு மனிதரிடம் நேராகக் கேட்டார்கள், அவர் வக்கீல் வைத்து வாதாடினார். சாவி மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்டில் இருந்தால் கேள்வியும் அங்கே போகும், பதிலும் அங்கிருந்தே வரும். உங்களுக்கு எப்போது தெரியும், தெரியுமா என்பதெல்லாம் அப்புறம்.

வங்கி லாக்கரை நினைத்துப் பாருங்கள். வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். உங்களுடையது தொலைந்தால் ஆளைக் கூப்பிட்டு, சாட்சி வைத்து, உங்கள் செலவில் உடைக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் பாதுகாப்பு. நம் லேப்டாப்பில் சத்தமே வராது.

அதோடு நீங்கள் வக்கீல். அந்த டிஸ்க்கில் இருப்பது கட்சிக்காரர்கள் உங்களை நம்பிச் சொன்னது. சாட்சியச் சட்டம் அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் காப்பு அவர்களுடையது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கே இல்லாதபோது, உங்கள் அக்கவுன்டுக்கு எப்படி இருக்கும்?

சரி, செய்ய வேண்டியது. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதையும் பூட்டிவையுங்கள். அக்கவுன்டில் உள்ள சாவியை அழித்தால் மட்டும் போதாது, ஒருமுறை வெளியே போன சாவி போனதுதான். விண்டோஸ் ப்ரோ பதிப்பில், டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லாக்கர் வசதியை முழுக்க அணைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். புதுச் சாவியை எங்கே வைக்க என்று அது கேட்கும், அக்கவுன்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹோம் பதிப்பில் இதற்கு மெனு இல்லை, கமாண்ட் அடித்துத்தான் செய்ய வேண்டும். ஜூனியரிடம் விடுங்கள். நானும் இப்போது இப்படித்தான் வைத்திருக்கிறேன், சாவி எழுதிய ஒரு தாள் வீட்டுப் பத்திரங்களோடு, ஒன்று தங்கை வீட்டில்.

பிரின்டர் இல்லையென்று ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். கையால் எழுதுங்கள். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஆறு இலக்கம். ஒவ்வொரு கட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். எழுதி முடித்ததும் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் அந்தக் கட்டத்தில் ஏதோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.