வாடிக்கையாளரின் மனமும் கோணாமல், கிறிஸ்தவனாக நேர்மையாகவும் வியாபாரம் செய்ய முடியுமா?

எல்லா நாளும் முடியாது. நீங்கள் அண்மையில் கடை திறந்தவர் என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே அந்தப் பயம் தெரிகிறது. யாழ்ப்பாண நகரில் எனக்கு இருபது வருடமாகச் சீமெந்து, கம்பிக் கடை.

எங்கள் சபையைச் சேர்ந்த கொந்தராத்துக்காரர் ஒருவர், மனைவி வழியில் உறவும்கூட, கனடாவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு மானிப்பாயில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். 2018இல் ஒருநாள் 62 பை சீமெந்தை ஏற்றிவிட்டு, "தம்பி, பற்றுச்சீட்டில் 80 என்று போட்டுத் தாரும்" என்றார். போட்டுக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு சதமும் இல்லை. முகத்தை முறிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குத் தாட்சண்யம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், அந்த அம்மா பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாகக் கோத்த கோப்போடு கடைக்கு வந்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். "தம்பி, என் கணவர் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியராக இருந்தவர். இந்த அத்திவாரத்துக்கு 80 பை போகாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

என்னிடமிருந்த கார்பன் பிரதியிலும் 80தான். அதைக் காட்டியிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் மேசை லாச்சிக்குள் இருப்புப் புத்தகம் இருந்தது. அதில் அன்றைக்கு வெளியே போனது 62 என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. "இன்னும் நான் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே" என்ற கலாத்தியர் 1:10ஐ ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தவன் நான். புத்தகத்தை எடுத்து அவர் முன் விரித்து வைத்தேன். 18 பையின் பெறுமதியை என் கையிலிருந்து கொடுத்தேன். வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். எனக்கு அந்த அளவு பெலன் இருக்கவில்லை. அவர் காசை எண்ணி வாங்கிவிட்டு, "மற்றச் சீட்டுகளும் இப்படியா?" என்று கேட்டார். மாலை மைமல் ஆகும்வரை இரண்டு புத்தகங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டோம். வேறு பிழை இல்லை. அந்த இரண்டு மணித்தியாலம் நான் பட்ட வெட்கத்தை எழுத முடியாது.

கொந்தராத்துக்காரர் அதன் பிறகு கடைப் படி ஏறவில்லை. அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. "வேதக்கார வீம்பு", அதாவது கிறிஸ்தவன் என்ற வீம்பு, என்று உறவிலேயே பேசினார்கள்.

கிறிஸ்தவர்கள்தான் நேர்மையானவர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வர வேண்டாம். என் அப்பாவுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வாங்காமல் வியாபாரத்துக்கு முதல் பணம் கொடுத்தவர் ஒரு சைவப் பெரியவர். நட்டம் வந்தாலும் ஆண்டவர் இரண்டு மடங்காகத் தருவார் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தரவில்லை. 2022இல் சீமெந்து விலை ஏறியபோது கடையை மூடும் நிலைக்கே வந்தேன்.



அந்தக் கொந்தராத்துக்காரர் ஆலயத்தில் எனக்கு இரண்டு வாங்கு முன்னால்தான் இருப்பார். ஆராதனை முடிந்ததும் நான் போய்க் கை கொடுப்பேன். சில ஞாயிறுகளில் அவரும் கை நீட்டுவார்.