விங்கராக ஆடும் மகனும் பயிற்சியாளர் தொழிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

கணவரின் வேலைக்காகப் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் குடியேறிய இடத்தில் 15 வயது மகன் கால்பந்தில் இடப்பக்க விங்கராக, அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரராக, தேறி வருவதையும், 16 வயதோடு கட்டாயப் பள்ளிக்கல்வி முடிந்துவிடும் என்பதால் அதன்பின் ஆட்டம் மட்டும் போதும், ஓய்வுபெற்றதும் சிறுவர்களுக்குப் பயிற்சியாளராகிவிடலாம் என்று அவன் வாதாடுவதையும் படித்தேன். ஆசையில் தவறில்லை. ஆனால் ஆடி முடித்தவருக்குப் பயிற்சியாளர் வேலை தானாகவே வந்து சேரும் என்ற எண்ணத்தை இப்போதே மாற்ற வேண்டும்.

அவன் நிச்சயம் அறிந்திருக்கக்கூடிய பல்கேரிய விங்கர் மார்ட்டின் பெட்ரோவை எடுத்துக்கொள்வோம். 1979-இல் விராட்சாவில் பிறந்து, சோபியாவின் சி.எஸ்.கே.ஏ., சுவிட்சர்லாந்தின் செர்வெட், ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க், அட்லெட்டிகோ மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி என்று கிளப் கிளப்பாக உயர்ந்தவர் அவர். 1999-இல் இங்கிலாந்துக்கு எதிராகத் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடிய அன்றே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பல்கேரியாவின் சிறந்த வீரராகத் தேர்வான 2006-இலேயே முழங்காலில் பலத்த காயமும் பட்டார். 2013-இல் பழைய சி.எஸ்.கே.ஏ.வுக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 34. வேகத்தையே மூலதனமாகக் கொண்ட விங்கருக்கு இது நல்ல, நீண்ட ஆட்டக்காலம். அப்படியிருந்தும் அதற்குப்பின் உழைக்க வேண்டிய ஆண்டுகள் முப்பது மீதமிருக்கின்றன.

திறமையாக ஆடுவதும் பிறரை ஆடவைப்பதும் வேறு வேறு திறன்கள். 1994 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து, ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அவ்வாண்டின் தங்கப் பந்து (பலோன் தோர்) விருதும் பெற்ற பல்கேரிய வீரர் ஸ்டோய்ச்கோவ், 2004 முதல் 2007 வரை தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தும் 2006 உலகக் கோப்பைக்கு அணியைத் தகுதிபெறச் செய்ய இயலவில்லை. அவரும் ஆடிய 1994 அணியை நான்காம் இடம் வரை கொண்டுசென்ற பயிற்சியாளர் திமிதர் பெனெவ் என்பவரோ தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர்.

பயிற்சியாளராக வேண்டுமானால் உரிமப் படிகளை ஏறியாக வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் விதிப்படி சி உரிமத்துக்குக் குறைந்தது 60 மணி நேரமும், பி-க்கு 120, ஏ-க்கு 180, உச்சியிலுள்ள ப்ரோவுக்கு 360 மணி நேரமும் படிக்க வேண்டும். உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சிறுவர், இளையோருக்கென்று தனி உரிமங்களும் உள்ளன. உங்கள் மகன் நாடுவது உண்மையில் அந்தப் பாதையைத்தான். அதில் பெரிய வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். பத்து வயதுக் குழந்தை ஏன் பந்தைக் கண்டு பயந்து ஒதுங்குகிறது என்று பொறுமையாகக் கவனிப்பவருக்கு உரிய வேலை அது.

பள்ளியை விடக்கூடாது என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகவே. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் மத்தூரா தேர்வில் பல்கேரிய மொழி கட்டாயப் பாடம். அதில் தேறினால்தான், 1942-இல் தொடங்கப்பட்ட வாசில் லெவ்ஸ்கி தேசிய விளையாட்டுக் கல்விக்கழகம் போன்ற இடங்களில் பயிற்சியாளர் பட்டப்படிப்புக்கு முயல முடியும். அந்த மொழியை வீட்டில் பேசாத பிள்ளை அதற்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். மைதானத்தில் பல்கேரியக் குழந்தைகளோடு பேசவும் அதுவே தேவைப்படும். பொதுக் கல்வியோடு பயிற்சியையும் தரும் விளையாட்டுப் பள்ளிகள் அங்கே இருப்பதால், இரண்டில் ஒன்றைக் கைவிடும் கட்டாயமும் அவனுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாத வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் சங்கத்துக்கு மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடைசெய்கிறது. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. ஆகவே கணவரின் வேலை ஒப்பந்தத்தையும் குடியிருப்பு ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். மகனை மட்டும் தனியே வேறு நாட்டுக்கு அனுப்பச் சொல்லி முகவர் எவரேனும் அணுகினால், கையெழுத்திடும் முன் பல்கேரியக் கால்பந்துச் சங்கத்தில் நேரில் விசாரியுங்கள்.

இந்தக் கோடையில் அவனுடைய அணிப் பயிற்சியாளரிடம், எட்டு வயதுக் குழந்தைகளின் பயிற்சியில் வாரம் ஒருநாள் உதவ அவனை அனுமதிக்கும்படி கேளுங்கள். சில மாதங்கள் போனபின் அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.