பி.எட். ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி: கேள்வி – பதில்

கல்வியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளிலும் சக ஆசிரியர்களுக்கு இணையவழி, கலப்புமுறைப் பயிற்சி நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மேடம், எங்கள் துறையில் 18 பேர். ஐந்து நாள், 30 மணி நேரப் பணிமனை வைத்து மூடுல் (இணையத்தில் பாடம் நடத்தும் தளம்), ஜூம், கூகுள் ஃபார்ம் எல்லாம் காட்டிவிடலாம் என்று முதல்வர் சொல்கிறார். போதுமா?

போதாது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். பணிமனை முடிந்து மூன்று வாரம் தளத்தைத் தொடாமல் இருந்தால் அதுவும் மறந்துவிடும். அதே 30 மணி நேரத்தை ஆறு வாரத்துக்குப் பரப்புங்கள்: தொடக்க நாளில் நேரடியாக 3 மணி, முதல் ஐந்து வாரமும் வாரத்துக்கு 4 மணி இணையத்தில், ஆறாம் வாரம் நேரடியாக 7 மணி. வாரத்தின் 4 மணியில் நேரலை ஒரு மணிக்கு மேல் வேண்டாம். மீதியை அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் முடிக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் அவர்கள் மாணவர்களாக மட்டும் இருக்க வேண்டும். எதையும் உருவாக்கச் சொல்லாதீர்கள். கடைசி நாள் தவறிப்போவது, போட்ட பதிவுக்கு யாரும் பதில் எழுதாமல் இருப்பது, வழிகாட்டுக் குறிப்பு புரியாமல் விழிப்பது எல்லாம் அவர்களுக்கே நடக்கட்டும். பிறகு தங்கள் பாடத்துக்குக் குறிப்பு எழுதும்போது கை தானாகவே கவனமாகிவிடும். இணையவழிக் கற்பித்தலை ஆராய்ந்த கில்லி சால்மனின் ஐந்து நிலை மாதிரியில் முதல் இரண்டு நிலைகள் தளத்துக்குள் நுழைவதும் ஒருவரோடொருவர் பழகுவதும்தான். அவசரத்தில் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்துவிட்டு, விவாத மன்றத்தில் ஈ ஓட்டுகிறோம் என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது. தொடக்க நாளில் ஒவ்வொருவரும் உள்நுழைந்து, படம் ஏற்றி, இரண்டு வரி அறிமுகம் எழுதி, இன்னொருவருக்கு ஒரு பதில் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். கடவுச்சொல் சிக்கல்களுக்கே ஒரு மணி போகும். அதைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்கிறதே. 60 மணிப் பாடம் என்றால் 24 மணி ஜூமா?

2021இல் யுஜிசி வெளியிட்ட கலப்புமுறைக் கற்றல் கருத்துருவில் உள்ள உச்சவரம்பு அது. பி.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்சிடிஇயின் விதிகளுக்கும் உட்பட்டது. ஆகவே உங்கள் பல்கலைக்கழக ஒழுங்குமுறை என்ன அனுமதிக்கிறது என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைத்தாலும் 24 மணி நேரலை என்று பொருள் கொள்ளாதீர்கள். காணொளி பார்ப்பது, படிப்பது, மன்றத்தில் எழுதுவது, வினாடி வினா எல்லாம் சேர்ந்த மாணவர் நேரத்தையே கணக்கிட வேண்டும். 6 மணி நேரலையும் 18 மணி மற்ற வேலைகளும் என்று பிரித்தால் தாங்கும்.

நுண்ணிலைக் கற்பித்தலை (ஒரே திறனைச் சிறு குழுவுக்குச் சில நிமிடம் கற்பித்துப் பழகுவதை) இணையத்தில் நடத்தப் பயிற்சி தர முடியுமா, மேடம்?

முழுவதையும் மாற்றினால் கெட்டுவிடும். பாதியை மாற்றினால் முன்பைவிட நன்றாக வரும்.

நமக்குப் பழகிய என்சிஇஆர்டி சுழற்சி 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. இதில் பலவீனமான கண்ணி அந்த 12 நிமிடம்தான். அதற்குள் யாரும் உருப்படியாகத் திட்டத்தை மாற்றிவிட முடியாது. எனவே முதல் 6 நிமிடத்தை வகுப்பறையில் நடத்தி, கைபேசியைத் தாங்கியில் கிடைமட்டமாக நிறுத்திப் பதியுங்கள். பின்னூட்டம் இணையத்தில் நடக்கட்டும்: பார்ப்பவர் ஒவ்வொருவரும் நேரம் குறித்து மூன்று இடங்களைச் சுட்ட வேண்டும். "2:10இல் கேட்ட வினாவுக்கு ஆம், இல்லை என்பதைத் தவிர வேறு விடை வராது" என்ற அளவுக்குக் குறிப்பாக. மறுதிட்டத்துக்கு இரண்டு நாள். மறுகற்பித்தல் மறுபடி வகுப்பறையில்.

கிளர்வினா (மேலும் யோசிக்கவைக்கும் வினா), விளக்குதல், பாடம் தொடங்குதல் ஆகிய திறன்கள் ஜூமிலும் ஓரளவு தேறும். கரும்பலகைத் திறனும் பல்வகைத் தூண்டலும் தேறாது. ஆசிரியர் நகர்வதும் கையசைப்பதும் அந்தச் சின்னச் சட்டத்துக்குள் தெரியாது. கண்காணிப்பாளர் ஒப்புக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்.

காணொளி எவ்வளவு நீளம்? எங்கள் சர்வரில் ஏறவே மாட்டேன் என்கிறது.

ஒரு கருத்துக்கு ஒரு காணொளி, 6 நிமிடம்; மிஞ்சினால் 8. இணையப் படிப்புகள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் பார்வைப் பதிவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வு ஆறு நிமிடத்துக்குள் இருப்பவற்றையே பரிந்துரைத்தது. ஸ்லைடும் குரலும் மட்டும் என்றால் வினாடிக்கு 500 கிலோபிட் போதும். 8 நிமிடக் காணொளி சுமார் 30 எம்பிக்குள் அடங்கும். படம் சற்று மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கெட்டால் மூடிவிடுவார். மின்விசிறியை நிறுத்துங்கள், கம்பியுள்ள இயர்போன் மைக்கைப் பயன்படுத்துங்கள். ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாசிக்கும் பழக்கத்தை முதல் பதிவிலேயே திருத்திவிடுங்கள்.

ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் மூடுல் இயங்கும் பிஎச்பி மென்பொருளின் வரம்பு. புதிதாக நிறுவிய சர்வரில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்த அனுப்புகைக்கு 8 எம்பி என்றுதான் இருக்கும். மூடுலுக்குள் வரம்பைக் கூட்டினாலும் சர்வரில் இந்த இரண்டையும் கூட்டாதவரை பயனில்லை. காணொளியை யூடியூபில் பட்டியலில் வராதபடி ஏற்றி, இணைப்பை மட்டும் மூடுலில் கொடுப்பது இன்னும் எளிது.

பழைய பாடக்குறிப்புகளைத் தளத்தில் ஒட்டினால் தமிழ் எழுத்தெல்லாம் குழம்பிப்போகிறது.

பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றியில் போட்டு எடுத்ததும் கொம்பு, கால், புள்ளிகளைக் கண்ணால் சரிபாருங்கள். ஆங்கிலச் சொல் கலந்த வரிகள் கட்டாயம் உடையும்.

விவாத மன்றத்தில் "நன்றி மேடம்", "அருமை" தவிர எதுவும் வருவதில்லை.

கேள்வி அப்படி. "பியாஜேயின் வளர்ச்சி நிலைகளை விவாதிக்க" என்றால் புத்தகத்தின் இரண்டு பத்தி வந்து விழும். மாறாக: "5 வயதுக் குழந்தை ஒன்றின் கண்முன்னே, அகலமான பாத்திரத்திலிருக்கும் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றுங்கள். இப்போது தண்ணீர் கூடியதா, குறைந்ததா, அதேதானா என்று கேளுங்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள்." இதற்கு ஒருவர் பதிலைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது.

மூடுலில் மன்ற வகையை 'கேள்வி–பதில்' என்று வையுங்கள். தான் எழுதும் வரை பிறர் எழுதியது தெரியாது. எழுதிய பிறகும் திருத்தும் நேரமான 30 நிமிடம் கழித்தே திறக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "தளம் வேலை செய்யவில்லை" என்று வாட்ஸ்அப்பில் புகார் குவியும். குழுவுக்கு 6 பேர் போதும். ஆசிரியர் எல்லாருக்கும் பதில் எழுதத் தேவையில்லை. மூன்று நாளுக்கொரு முறை, முரண்படும் இரண்டு பதிவுகளை எடுத்து "ஏன் இந்த வேறுபாடு?" என்று கோத்துவிட்டால் நகரும்.

மூத்த பேராசிரியர் ஒருவர் உதவியாளரை வைத்தே எல்லாம் செய்கிறார். என்ன செய்வது, மேடம்?

இளையவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் மவுஸ் மூத்தவர் கையில்தான். பலர் நடுவே கேட்கக் கூசுபவருக்குத் தனியாக 20 நிமிடம் போதும்.

பள்ளிக் கற்பித்தல் பயிற்சியின் பதிவுகளைத் தளத்தில் போடலாமா?

பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. கேமராவை வகுப்பின் பின்புறம் வைத்து ஆசிரியரை மட்டும் பதியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் பகிராதீர்கள்.

சான்றிதழ் எதற்குக் கொடுப்பது?

வருகைக்கு வேண்டாம். தன் பாடத்தின் ஓர் அலகை முழுதாகக் கட்டியிருக்க வேண்டும்: மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் சொல்லும் நான்கு பகுதிகளான காணொளி, படிக்கும் பொருள், விவாதம், சுயமதிப்பீடு நான்கும் இருக்க வேண்டும். இரண்டு சக ஆசிரியர்கள் மதிப்பிடட்டும். மூடுலின் 'வொர்க்‌ஷாப்' கருவி இதற்கு ஏற்றது. அதில் இயல்பாகவே சமர்ப்பித்த வேலைக்கு 80, பிறரை மதிப்பிட்டதற்கு 20 என்றிருக்கும். இங்கே 60, 40 என்று மாற்றுங்கள், மதிப்பிடப் பழகுவதும் பயிற்சியில் பாதி.

அந்த அலகைச் சோதிக்கும்போது மூடுலின் 'மாணவராக மாறிப் பார்' என்ற வசதியை மட்டும் நம்பாதீர்கள். சமர்ப்பிப்பு, மதிப்பெண் எல்லாம் அதில் சரியாகத் தெரியாது. மாதிரி மாணவர் கணக்கு ஒன்றை உருவாக்கி, கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரணக் கைபேசியில் மொபைல் டேட்டாவில் அலகை முதலிலிருந்து கடைசி வரை செய்து பாருங்கள். எங்கே நின்றுவிடுகிறதோ அதைச் சரிசெய்த பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போடுங்கள்.