ரிப்பீட்டர் ரிசீவரில் இரைச்சல் வருகிறது, எங்கே தேடுவது?

வேலூர்ப் பக்கம் மலைமேல் ஒரு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ரிப்பீட்டர். அருகிலிருந்து பேசுபவர் தெளிவாகக் கேட்கிறார், ஆம்பூரிலிருந்து கைக்கருவியில் பேசுபவர் மட்டும் கரகரவென்று அறுந்துபோகிறார். கேள்வி இதுதான்.

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னொன்றில் உரக்கத் திருப்பிச் சொல்லும். 2 மீட்டர் பேண்டில் (144 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஹாம் அலைவரிசைகள்) இரண்டுக்கும் இடைவெளி பொதுவாக 600 கிலோஹெர்ட்ஸ்தான். நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி விலையைத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டே, எதிரே ஒரு பாட்டி மெதுவாகக் கேட்பதைக் காதில் வாங்க வேண்டிய வியாபாரியின் நிலைமை. ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸர் என்னும் வடிகட்டி. அது டியூனிங் தவறினால் சொந்தக் குரலே காதை அடைக்கும்.

முதலில் பலவீனமான சிக்னல் ஒன்றை ரிசீவர் ஸ்பீக்கரில் கேட்டபடி டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே. அப்புறம் ஆன்டெனாவைக் கழற்றி அங்கே டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக விழுங்கும் போலி ஆன்டெனா) மாட்டி, ரிசீவருக்குச் சின்ன சோதனை சிக்னல் கொடுத்து, மறுபடி டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பாருங்கள். இப்போது சுத்தமாக இருந்தால் ஆன்டெனா, கோஆக்ஸ் கேபிள், தண்ணீர் இறங்கிய கனெக்டர், டவரில் துருப்பிடித்த போல்ட் (இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்ப்பார்கள்) என்று தேடலாம். இரைச்சல் அப்படியே இருந்தால் டூப்ளெக்ஸர், அல்லது உள்ளே கசியும் கேபிள். நம்ம ஊர் மே மாத வெயிலில் டியூனிங் நகரவும் செய்யும்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் இரைந்தால் மின்கம்பியோ மலிவான பவர் சப்ளையோ காரணமாக இருக்கலாம்.

ஸ்குவெல்ச்சை (போதிய சிக்னல் வராதவரை ஒலியை அடைத்துவைக்கும் அமைப்பு) ஏற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரைச்சலைக் குறைக்காது, ஆம்பூர்க்காரரைத்தான் வெளியே நிறுத்தும்.