அரசியல் அறிவியல் படிக்கட்டும். அதற்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு வருமானம் சுமார் 7 லட்சம். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.ஏ. அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். டெல்லி பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, 50,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டோம். மூன்று ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 15 லட்சம் ஆகும். வங்கியில் 12 லட்சம் தருகிறார்கள், வட்டி 10.5 சதவீதம், வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அரசியல் அறிவியலாளருக்கு ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் சம்பளம் என்று மகள் இணையத்தில் ஒரு பட்டியலைக் காட்டினாள். கடன் வாங்கலாமா?

பதில்: ஐயா, பாடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விருப்பப்பட்டுக் கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். இந்தப் படிப்பை முடித்தவர்கள் சட்டம், குடிமைப் பணி, பத்திரிகை, ஆய்வு, கற்பித்தல் என்று பல திசைகளில் போய் நன்றாக இருக்கிறார்கள். என் தயக்கமெல்லாம் கடனைப் பற்றியது.

மகள் காட்டிய பட்டியல் அமெரிக்காவுடையது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2023 மே மாதத்துக்குச் சொன்ன இடைநிலை ஆண்டு ஊதியம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை, 1,32,350 டாலர். நம் பணத்தில் ஒரு கோடியைத் தாண்டும்தான். ஆனால் அது ‘அரசியல் அறிவியலாளர்’ என்ற பதவியில் இருப்பவர்களின் சம்பளம். அந்த நாடு முழுவதும் அப்படிச் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்து, அந்நாட்டு மத்திய அரசில் வேலை பார்ப்பவர்கள். இளங்கலை முடித்து வெளியே வரும் இருபத்தொரு வயதுப் பெண்ணின் முதல் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே பி.ஏ. மட்டும் கையில் இருந்தால் சென்னையில் முதல் வேலைக்கு மாதம் 15,000 முதல் 25,000 வரை எதிர்பார்க்கலாம். ஆங்கிலமும் எழுத்தும் கூர்மையாக இருந்தால் சற்றுக் கூடும்.

இப்போது கடன் கணக்கு. ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் மூன்று ஆண்டு வாங்குகிறீர்கள். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. மாரடோரியம் என்று வங்கியில் சொல்வது இதைத்தான். தவணைதான் நிற்குமே தவிர வட்டி நிற்காது. தனிவட்டியாகவே போட்டாலும் நான்கு ஆண்டு முடிவில் 3,78,000 ரூபாய் ஏறியிருக்கும். அதாவது, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 15,78,000. பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 21,300. மொத்தம் 25 லட்சத்துக்கு மேல் போய்விடும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதம் 17,400 ஆகக் குறையும். மொத்தமாகக் கட்டுவதோ 31 லட்சத்தைத் தாண்டும். கையில் வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்விக் கடனுக்குப் போகக் கூடாது என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். பத்து ஆண்டுத் தவணைக்கு அப்படிப் பார்த்தால் அவளுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் வர வேண்டும்.

ஒருநாள் வராதா என்றால், வரலாம். ஆனால் எப்போது வரும் என்பதில்தான் சிக்கல். பொறியியலோ செவிலியர் படிப்போ முடித்தவர் அந்தப் பட்டத்தை வைத்தே வேலைக்குப் போகிறார். அரசியல் அறிவியலில் நல்ல வருமானம் பெரும்பாலும் இரண்டாவது படிக்குப் பிறகுதான். வழக்கறிஞராக வேண்டுமானால் இன்னும் மூன்று ஆண்டு சட்டம். பேராசிரியராக வேண்டுமானால் எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் நிரந்தர இடம் கிடைக்கும்வரை கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். குடிமைப் பணித் தேர்வில் இந்தப் பாடத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண். அது உண்மையான அனுகூலம். ஆனாலும் 2023 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல், தேர்வானவர்கள் 1,016 பேர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு 19,500.

இந்தப் பாதைகள் எல்லாவற்றிலும் அவளுக்கு 22 வயதிலிருந்து 26 வயதுவரை படிப்பதற்கும் தயாராவதற்குமான காலம். உங்கள் வங்கியின் தவணை தொடங்குவதும் சரியாக அந்த 22 வயதில்தான். மேற்படிப்பைக் காட்டி மாரடோரியத்தை நீட்டிக் கேட்கலாம். வங்கி ஒப்புக்கொண்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கடன் கழுத்தை நெரிப்பதால் எம்.ஏ.வையும் தேர்வுத் தயாரிப்பையும் விட்டுவிட்டு, கிடைத்த வேலைக்கு ஓடும் பிள்ளைகள் உண்டு. எந்த இரண்டாம் படிக்காக இந்தப் படிப்பில் சேர்ந்தார்களோ, கடன் அதையே பறித்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வட்டி மானியம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு மாரடோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும்தான். பி.ஏ.வுக்குக் கிடையாது, உங்கள் வருமானமும் அந்த வரம்புக்கு மேல். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் வருமான வரம்பு 8 லட்சம். 10 லட்சம் வரையிலான கடனுக்கு மாரடோரியத்தில் 3 சதவீத வட்டி குறையும். அதுவும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்பும் உண்டு. அரசு நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு முன்னுரிமை. அந்தத் திட்டத்தில் ஈடும் ஜாமீனும் கேட்கக் கூடாது. உங்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்பதைப் பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இல்லை என்றே நினைக்கிறேன். வித்யாலட்சுமி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

என் யோசனை இது. சென்னை மாநிலக் கல்லூரியில் இதே பாடம் இருக்கிறது. 1840இல் தொடங்கிய கல்லூரி. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். விடுதிச் செலவைக் கடையின் வருமானத்திலேயே சமாளித்துவிடலாம். டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தால், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுதியிருக்கிறாளா என்று கேளுங்கள். டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தங்க, சாப்பிட மாதம் 15,000 என்று போட்டாலும் மூன்று ஆண்டுச் செலவு 7.5 லட்சத்துக்குள் அடங்கிவிடும். அந்த அளவுவரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. 5 லட்சம் கடன் என்றால், இதே வட்டியில் பத்து ஆண்டுத் தவணை மாதம் 8,900. அதையும் படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் 6,750 ஆகக் குறைக்கலாம். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும். சட்டக் கல்லூரிக்கோ வெளிநாட்டு முதுகலைக்கோ அவள் போகும்போது, வேலை தெளிவாகத் தெரிகிற அந்தக் கட்டத்தில் கடன் வாங்குவது நியாயமானது.

மகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ஆண்டும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாதே அம்மா. புள்ளியியல் கற்றுக்கொள். தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடிவாரியாக முடிவுகளை வெளியிடும் படிவம் 20ஐ எடுத்து, உன் தொகுதியின் கடந்த இரண்டு தேர்தல்களை எக்செலில் ஒப்பிட்டுப் பார். இதைச் செய்து கட்டுரையாக எழுதத் தெரிந்தவரை ஆய்வு நிறுவனங்களும் செய்தி அறைகளும் தேடி எடுக்கின்றன. பட்டம் முடித்து குடிமைப் பணிக்குத் தயாரானால், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் கொடுக்கிறார்கள். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் தேறினால் 25,000. அதையும் நினைவில் வைத்துக்கொள்.

கடைசியாக, கட்டிய முன்பணம் போய்விடுமே என்பதற்காகச் சேர்த்துவிடாதீர்கள், ஐயா. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். 2024–25இல் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுத் தொகையையும் தரச் சொல்லியிருந்தார்கள். இந்த ஆண்டின் கடைசித் தேதியை யு.ஜி.சி. தளத்தில் பார்த்து, அதற்குள் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பணம் வரத் தாமதமானால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் ரசீது நகலோடு புகார் பதியுங்கள்.